மேனேஜர் நுழைய முடியாத வீடு

பல் டாக்டரிடம் வருகிறவர்களுக்குக் காத்திருக்கும்போது இரண்டு வேலைகள். ஒன்று, கன்னத்தைப் பிடித்துக்கொள்வது. இன்னொன்று, மீன் தொட்டியைப் பார்ப்பது.

தொட்டியில் இரண்டே மீன்கள். நீல ஆண் மீனுக்கு ‘மேனேஜர்’ என்று பெயர் வைத்தவள் நண்டு என்ற சிறுமி. ஓர் இடத்தில் நிற்காமல் தொட்டி முழுவதையும் மேற்பார்வை பார்த்துக்கொண்டே இருக்குமாம். மஞ்சள் பெண் மீனின் பெயர் மஞ்சு.

நண்டு ஐந்தாம் வகுப்பு. நண்டு என்பது அவளுடைய பட்டப்பெயர். அவள் அம்மாதான் அங்கே டோக்கன் கொடுப்பவர். பள்ளி விட்டதும் நண்டு நேராக அங்கே வந்துவிடுவாள்.

ஞாயிற்றுக்கிழமை டாக்டர் தொட்டியைக் கழுவினார். மீன்கள் பளிச்சென்று தெரியட்டும் என்று செடி, கல் எல்லாவற்றையும் எடுத்து எறிந்துவிட்டார். மறுநாளே மேனேஜர் மஞ்சுவைத் துரத்த ஆரம்பித்தது. புதன்கிழமைக்குள் மஞ்சுவின் வால் கந்தலாகிவிட்டது.

“அஞ்சு மணிக்கு மீன் கடைக்காரர் வர்றார். மஞ்சுவைக் கொடுத்துடலாம்,” என்றார் டாக்டர்.

“கடிக்கிறது மேனேஜர். வீட்டை விட்டுப் போறது மஞ்சுவா?” என்று கேட்டாள் நண்டு.

“மேனேஜரை அவர் வாங்கிக்க மாட்டேங்கிறார். போற இடமெல்லாம் சண்டையாம்.”

டாக்டர் உள்ளே போய்விட்டார். மணி நாலு.

நண்டு தொட்டியின் முன்னால் உட்கார்ந்தாள். மஞ்சு ஒரு மூலைக்குப் போனது. மேனேஜர் பார்த்தது, துரத்தியது. மஞ்சு அடுத்த மூலைக்குப் போனது. மேனேஜர் அங்கேயும் பார்த்தது.

“செடி இருந்தப்போ சண்டையே இல்லம்மா. இப்போ ஒளிய இடம் இல்ல.”

அம்மா காது உடைந்த காபிக் கோப்பை ஒன்றைத் தேடிக் கொடுத்தார். நண்டு அதை நன்றாகக் கழுவித் தொட்டிக்குள் படுக்க வைத்தாள்.

மேனேஜர்தான் முதலில் உள்ளே போனது. தலையை மட்டும் வெளியே நீட்டி, வாசலிலேயே காவல் இருந்தது.

“இடம் கொடுத்தா மடம் பிடுங்குற ஆளு போல,” என்றார் பக்கத்தில் இருந்தவர். அவர் குழாய் ரிப்பேர் செய்பவர். ஒரு கன்னம் பன் மாதிரி வீங்கியிருந்தது.

நண்டு பையிலிருந்து ஸ்கேலை எடுத்துக் கண்ணாடிமேல் வைத்தாள். மேனேஜர் வெளியே வந்து நிற்கும் வரை பொறுத்திருந்து அளந்தாள். பிறகு மஞ்சுவை அளந்தாள்.

“மாமா, மேனேஜர் முதுகுலேருந்து வயிறு வரைக்கும் அஞ்சு சென்டிமீட்டர். மஞ்சு மூணுதான். நடுவுல நாலு சென்டிமீட்டர் குழாய் இருக்கா?”

அவர் வலியை மறந்து பையைத் துழாவினார். புதுப் பிளாஸ்டிக் குழாய்த் துண்டு ஒன்று கிடைத்தது.

“ஒரு பக்கம் மூடி போடவா பாப்பா?”

“வேண்டாம். இவன் முன்னாடி வந்தா அவ பின்னாடி வழியா வெளியே போகணும்.”

அவர் விளிம்புகளை அரத்தால் தேய்த்து வழுவழுப்பாக்கினார். நண்டு கழுவி உள்ளே இறக்கினாள்.

மேனேஜர் மறுபடி பாய்ந்தது. மஞ்சு குழாய்க்குள் நுழைந்துவிட்டது. பின்னாலேயே போன மேனேஜர் வாசலில் முட்டிக்கொண்டது. அந்தப் பக்கம் சுற்றிப் போய் அங்கேயும் முட்டியது. குட்டி போட்ட பூனை மாதிரி ஏழெட்டு முறை சுற்றியது. கடைசியில் கோப்பைக்கே திரும்பிப் போனது.

ஐந்து மணிக்குக் கடைக்காரர் தண்ணீர் நிரப்பிய பையோடு வந்தார். தொட்டியைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

“இதைத்தான் நானும் சொல்லணும்னு நினைச்சேன்,” என்றார்.

“சொல்லியிருக்கலாமே,” என்றார் அம்மா.

வெளியே வந்த டாக்டர் குனிந்து பார்த்தார். மஞ்சு குழாய்க்குள் அசையாமல் இருந்தது. ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு அது ஓய்வாக இருப்பது இதுதான் முதல் முறை.

“சரி, இருக்கட்டும். செடியும் வாங்கிட்டு வர்றேன். அடுத்தது யாரு?”

குழாய் ரிப்பேர் செய்பவரின் நாற்காலி காலியாக இருந்தது. தொட்டிக்குப் பின்னால் ஒரு ஜோடிச் செருப்பு தெரிந்தது.

“பாப்பா,” என்று அங்கிருந்து மெல்லிய குரல் வந்தது. “என் அளவுக்கு ஒரு குழாய் கிடைக்குமா?”

“என் ஸ்கேல் அவ்வளவு நீளம் இல்ல மாமா,” என்றாள் நண்டு.