வாரத்துக்கு இவ்வளவுதான் சத்தம்

புதன்கிழமை பதினோரு மணி வாக்கில் வர்ஷினியின் வலது காதுக்குப் பின்னால் ஒட்டியிருந்த செவிப்பொட்டு இரண்டு முறை துடித்தது. அறுந்த பாவு நூலை முடிந்துகொண்டிருந்தவள் கையை நிறுத்தவில்லை. எதற்குத் துடிக்கிறது என்று அவளுக்குத் தெரியும். எதிர் வரிசைத் தறியில் நின்ற அவள் புருஷன் பிரணவ், குரல் எழுப்பாமல் உதட்டை மட்டும் அசைத்து, "முடிஞ்சுதா?" என்றான். அந்தத் தறிக்குடோனில் எல்லோரும் அப்படித்தான் பேசுவார்கள். இருபத்துநான்கு தறி ஓடும் இடத்தில் தொண்டை கிழியக் கத்தினாலும் ஒன்றுதான், கத்தாவிட்டாலும் ஒன்றுதான்.

"முடிஞ்சு போச்சு, நாசமாப் போக" என்று இவளும் உதட்டிலேயே சொன்னாள். போன வாரமாவது வியாழக்கிழமை வரைக்கும் தாங்கியது.

முடிந்து போனது அந்த வாரத்து ஒலிப்பங்கு. ஹெட்போனை மாட்டிக்கொண்டே திரிந்து ஒரு தலைமுறையே டமாரச் செவிடாகிப் போன பிறகு, செவிகாப்புச் சட்டம் என்று ஒன்று வந்தது. ஒரு ஜோடிக் காதுக்கு வாரத்துக்கு இவ்வளவுதான் சத்தம். காதுக்குள் போகிற சத்தத்தையெல்லாம் பொட்டு அளக்கும். பங்கு தீர்ந்துவிட்டால் அடுத்த திங்கட்கிழமை விடியும்வரை போனில் ஒலி முதல் கோட்டைத் தாண்டி ஏறாது. எந்த ஹெட்போனை மாட்டினாலும் ஏறாது.

நல்ல சட்டம்தான், யார் இல்லையென்றார்கள்? ஆனால் பொட்டுக்குத் தறிச் சத்தமும் ஒன்றுதான், பெற்ற மகளின் குரலும் ஒன்றுதான். காதடைப்பான் மாட்டினாலும் எலும்பு வழியே ஏறுகிற அதிர்வைச் சேர்த்துக்கொண்டுவிடும். ஏசி அறையில் உட்கார்ந்து வேலை பார்ப்பவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை வந்தாலும் பாதிப் பங்கு மிச்சம் இருக்கும். தறிக்காரர்களுக்குப் புதன்கிழமையே துடைத்துவிடும். சட்டத்தால் தறியை நிறுத்த முடியாது, போனை நிறுத்த முடியும். முடிந்ததைச் செய்துவிட்டுப் போய்விட்டார்கள்.

மகள் மகிழினி அண்டார்டிகாவில் இருந்தாள். அங்கே ஒரு பனித்தளத்தில் குளிர்பதனக் கிடங்குப் பராமரிப்பு வேலை, மூன்று வருஷ ஒப்பந்தம். இரண்டு வருஷம் ஓடிவிட்டது. அங்கிருந்து படம் வராது, குரல் மட்டும்தான் வரும். அதுவும் சனிக்கிழமை மாலை நாலு மணிக்கு, பன்னிரண்டு நிமிடம். பேச்சைப் பதிவு செய்து வைத்துத் திங்கட்கிழமை கேட்கலாமென்றால் அதற்கும் அந்தத் தளத்தின் விதி இடம் தரவில்லை. அதனால் சனிக்கிழமைதோறும் ஹெட்போனில் எறும்பு ஊர்கிற மாதிரி ஏதோ ஒன்று கேட்கும். மகள் என்ன சொல்கிறாள் என்பதைப் போனின் எழுத்தோட்டம் திரையில் வரி வரியாகக் காட்டும். வர்ஷினி அதைப் படித்துக்கொண்டே பதில் சொல்வாள்.

அந்தச் சனிக்கிழமையும் திரையில் எழுத்து விழுந்தது. "அம்மா. நல்லா இருக்கேன். சாப்பிட்டேன். குளிர் பழகிடுச்சு."

பேச்சு முடிந்ததும் வர்ஷினி ஹெட்போனைக் கழற்றிக் கட்டிலில் எறிந்தாள். "ஏனுங்க, அஞ்சு வாரமா இதே மூணு வரிதானுங்களே?"

"புள்ள நல்லா இருக்குதுன்னுதானே போட்டிருக்குது?" என்றான் பிரணவ்.

"அது சொன்னதப் போட்டிருக்குது. எப்படிச் சொல்லுச்சுன்னு போட்டிருக்குதா? அவ ரெண்டாவது படிக்கறப்ப, கீழ விழுந்து பல்லை ஒடச்சுட்டு வந்து 'ஒண்ணுமில்லீங்மா'ன்னா. அந்த 'ஒண்ணுமில்லீங்மா'வ எழுதிக் காட்டுனா உங்களுக்கு என்ன தெரியும்? காதுல கேட்டதுனாலதான் வாயத் தொறக்கச் சொன்னேன்."

பிரணவுக்கும் பங்கு புதன்கிழமையே தீர்ந்திருந்தது. இருந்தாலும் சும்மா இருக்காமல், ஹெட்போனில் சத்தத்தைக் கூட்ட என்ன வழி என்று போனில் தேடி எடுத்தான். வழிக்கா பஞ்சம்? முதலில் ஹெட்போன் வலையில் அழுக்கு அடைத்திருக்கும் என்றார்கள். பழைய பல் துலக்கியால் தேய் தேய் என்று தேய்த்தான். அழுக்கு வந்தது, சத்தம் வரவில்லை. இணைப்பை அழித்துவிட்டு மறுபடி இணைக்கச் சொன்னார்கள். இணைத்ததும், "வணக்கம் வர்ஷினி, உங்கள் ஒலிப்பங்கு முடிந்துவிட்டது" என்று போன் மரியாதையாகச் சொன்னது. ஈக்வலைசரில் எல்லாக் கோட்டையும் உச்சிக்கு ஏற்றினான். அமைப்புகளுக்குள் போய் ஒலி வரம்பை நீக்கப் பார்த்தால் அந்தப் பொத்தானே சாம்பல் நிறத்தில் செத்துக் கிடந்தது.

கடைசியில் ஒலிபெருக்கும் செயலி ஒன்றை இறக்கினார்கள். அது மூன்று விளம்பரம் காட்டிவிட்டு, உங்கள் ஒலி முந்நூறு சதவீதம் கூடிவிட்டது என்றது. கேழ்வரகில் நெய் வடிகிறது என்றால் கேட்பவனுக்கு எங்கே போச்சு புத்தி? பிரணவ் இரண்டு எவர்சில்வர் டம்ளருக்குள் ஹெட்போனின் இரண்டு பக்கத்தையும் திணித்து, டம்ளரோடு காதில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். வர்ஷினிக்குச் சிரிப்பு வந்தது. சிரித்து முடிப்பதற்குள் அழுகையும் வந்துவிட்டது.

காது மந்தம் என்று சான்றிதழ் வாங்கினால் பங்கு வரம்பே கிடையாது என்று யாரோ சொன்னார்கள். ஞாயிற்றுக்கிழமை அரசு செவிமுகாமுக்குப் போனாள். கண்ணாடிப் பெட்டிக்குள் உட்கார வைத்து, சத்தம் கேட்டால் பொத்தானை அமுக்கச் சொன்னார்கள். எல்லாம் துல்லியமாகக் கேட்டது. ஒரு தடவைகூட அமுக்காமல் பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருந்தாள். அரை மணி நேரம் கழித்து டாக்டரம்மா சிரித்துக்கொண்டே வந்தாள்.

"நீங்க அமுக்காட்டியும் பரவால்லீங்கக்கா. மெஷின் நேரா நரம்புலயே பாத்துக்கும். இருபது வயசுப் பொண்ணு காது உங்களுக்கு. இருபத்தஞ்சு வருஷம் தறியில நின்னு இப்படி ஒரு காது நான் பாத்ததே இல்ல. பங்கு தீந்ததும் போன் பூட்டிக்குது பாருங்க, அதாலதான்."

"அப்பக் கேக்க விடுங்க டாக்டர்."

"விட்டாக் கெட்டுப் போயிருமேக்கா."

"கெடாம வெச்சு என்னுங்க பண்றது? பீரோவுல வெச்சுப் பூட்டவா?" வர்ஷினியின் குரல் உயர்ந்துவிட்டது. "எம்புள்ளை பேசறதக் கேக்காத காது இருந்தா என்ன, அறுந்தா என்ன?"

டாக்டரம்மா தன் கோட்டின் பொத்தானைத் திருகிக்கொண்டு, "எழுத்தோட்டம் இருக்குதுங்களே" என்றாள். அதற்கு மேல் அவளிடம் பேசிப் பயனில்லை.

மிச்சம் இருந்தது ஒரே வழி. தறிப் பக்கமே போகாமல் ஒரு வாரப் பங்கை அப்படியே சேர்த்து வைப்பது. முதலாளி கவின் புருவத்தைச் சுருக்கினார். "ஒரு வாரம் லீவா? ஏம்மா, எதாவது கேத வீடா?"

"புள்ளைகூடப் பேசணுமுங்க."

"அதுக்குத்தான் போன் இருக்குதே?"

இந்த மனுஷனுக்கு எங்கேயிருந்து ஆரம்பித்துச் சொல்வது? பிரணவ்தான் முன்னால் வந்து, அவளுடைய நாலு தறியையும் சேர்த்துத் தானே பார்த்துக்கொள்வதாகச் சொன்னான். எட்டுத் தறிக்கு நடுவில் நின்றால் அவன் பங்கு திங்கட்கிழமையே காலி. "நீ கேட்டுச் சொல்லு, எனக்குப் போதும்" என்றான்.

அந்த வாரம் வர்ஷினி பூனை மாதிரி வாழ்ந்தாள். குக்கர் விசிலுக்குப் பயந்து சோற்றை வடித்தாள். மிக்சியைத் தொடவில்லை. கதவைச் சாத்தும்போது கையை இடையில் வைத்துச் சாத்தினாள். பக்கத்து வீட்டுக்காரி கூப்பிட்டால், ஜாடையிலேயே பேசச் சொன்னாள். வியாழக்கிழமை பொழுது சாயும்போது போனில் எழுபத்தொரு சதவீதம் மிச்சம் காட்டியது. தாலி கட்டின நாளில்கூட அவள் இவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை.

வெள்ளிக்கிழமை காலை உள்ளாட்சித் தேர்தல் பிரச்சார ஆட்டோக்கள் வந்தன. வழிபாட்டுக்கும் தேர்தலுக்கும் சட்டத்தில் விலக்கு உண்டு. ஒலிபெருக்கிக் குழாய் கட்டியவர்களுக்குத்தான் விலக்கு, காதுக்கு இல்லை. முச்சந்தியில் நின்றுகொண்டு, "மக்களின் காதைக் காத்த கட்சி எங்கள் கட்சி!" என்று ஒரு வேட்பாளர் முழங்க முழங்க, ஜன்னலை அடைத்துப் போர்வைக்குள் கிடந்த வர்ஷினியின் பங்கு கரைந்துகொண்டே போனது. அறுபது. ஐம்பத்திரண்டு. நாற்பத்துநாலு. பொறுக்க மாட்டாமல் தெருவுக்கு ஓடினாள்.

"அண்ணா, சத்தத்தச் சித்தக் கொறைங்கண்ணா!"

"என்னக்கா?" என்றார் ஆட்டோக்காரர், காதைக் கையால் குவித்து. "ஒண்ணுமே கேக்கலீங்க்கா!"

அவரிடம் கத்தியதில் அவள் குரலுக்கும் சேர்த்து ஒரு சதவீதம் போனது. சாண் ஏறினால் முழம் சறுக்குகிற பிழைப்பு. சாயங்காலம் பிரணவ் வந்து பார்த்தபோது அவள் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். முப்பது சதவீதம் இருந்தது. நாளைக்கும் பிரச்சாரம் உண்டு.

பிரணவ் யோசித்துவிட்டு, முதலாளி வீட்டுக்குப் போய்த் துணிக்குடோன் சாவியை வாங்கி வந்தான். எப்படி வாங்கினான் என்று அவளும் கேட்கவில்லை. ஊருக்கு வெளியே இருந்த அந்தக் குடோனில் தரையிலிருந்து கூரைவரைக்கும் துணிப் பேல்கள் அடுக்கியிருந்தன. நடுவில் ஓர் ஆள் உட்காரும் சந்து. சனிக்கிழமை காலை அவள் அதற்குள் போய் உட்கார்ந்தாள். துணி எல்லாச் சத்தத்தையும் குடித்துவிட்டது. அவள் மூச்சு விடுவதுதான் அவளுக்கே பெரிதாகக் கேட்டது. இருந்தும் போய்ச் சேர்வதற்குள் வழியில் ஆட்டோக்கள் பிடுங்கிக்கொண்டது போக, மிச்சம் பத்தொன்பது. நடு அளவில் வைத்துக் கேட்டால் பன்னிரண்டு நிமிடமும் தாங்கும், முழு ஒலியில் நாலே நிமிடம் என்று போன் கணக்குச் சொன்னது.

நாலு மணிக்கு மணி அடித்தது. ஒலியை நடுக்கோட்டில் வைத்தாள்.

"அம்மா. நல்லா. இருக்கேன்."

தெளிவாகக் கேட்டது. ஆனால் இது யார்? பஸ் நிலையத்தில் அறிவிப்புச் சொல்கிற பெண்ணைப் போல ஒவ்வொரு சொல்லையும் தனித்தனியாக நறுக்கி வைத்தது அந்தக் குரல். ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. "சாப்பிட்டேன். குளிர். பழகிடுச்சு." வர்ஷினி திரையைப் பார்த்தாள். மகிழினி என்றுதான் இருந்தது.

அப்புறம்தான் உறைத்தது. போன புதிதில் மகள் ஊர்ப் பேச்சில் கடகடவென்று கொட்டியபோது எழுத்தோட்டம் தப்பும் தவறுமாக உளறியது. 'நிறுத்தி நிறுத்திப் பேசு அம்முணி, எழுத்து சரியா விழுக மாட்டீங்குது' என்று இவள்தான் சொன்னாள். ஒரு தடவை அல்ல, வாராவாரம் சொன்னாள். பிள்ளை பழகிக்கொண்டுவிட்டது. இரண்டு வருஷமாக அம்மாவிடம் பேசவில்லை, அந்த மெஷினிடம் பேசியிருக்கிறது. அடிப்பாவி, நானே என் பிள்ளை குரலைத் தொலைத்தேனே.

"மகி, நான் படிக்கல சாமி. காதுல கேட்டுட்டிருக்கேன்."

வர்ஷினி போனை வாய்க்கு இன்னும் கிட்டே கொண்டுபோனாள்.

"நெசமாத்தான். ஒரு வாரம் வேலைக்குப் போகாம சேத்தி வெச்சேன். எப்பவும் பேசற மாதிரிப் பேசு."

"கேக்குதுங்களாம்மா?" என்றது குரல். நறுக்கு விழாத குரல். ஏழாயிரம் மைலுக்கு அப்பாலிருந்து மூக்கை உறிஞ்சியது. "என்ர கொரல் கேக்குதுங்களா?"

"கேக்குது கண்ணு."

"அம்மா, என்னால முடியலீங்மா. ரெண்டு மாசமாச்சு சூரியனப் பாத்து. தூக்கம் வர மாட்டீங்குது. யார்கூடவும் பேசப் புடிக்கல..." அதற்கு மேல் சொல் வரவில்லை. அழுகைதான் வந்தது. அடிவயிற்றிலிருந்து, குழந்தையாக இருந்தபோது அழுத அதே அழுகை. திரையில் ஓர் எழுத்தும் விழவில்லை. அழுகையை எழுத அதற்குத் தெரியாது.

போன் அதிர்ந்தது. உரத்த ஒலி, பங்கு வேகமாகக் குறைகிறது, ஒலியைக் குறைத்தால் உரையாடல் முழுவதையும் கேட்கலாம் என்றது. மகளுக்கும் அது தோன்றியிருக்க வேண்டும். "தீந்துருமுங்மா, நான் நிறுத்திக்கறேன்" என்று திணறினாள்.

"நிறுத்துனீன்னா பாரு! அழு. எனக்குக் கேக்கோணும்."

வர்ஷினி ஒலியைக் கூட்டினாள். இன்னும் கூட்டினாள். அதற்கு மேல் ஏறாது என்கிற அளவுக்குக் கூட்டி, ஹெட்போனை இரண்டு கையாலும் காதோடு சேர்த்து அழுத்திக்கொண்டாள். காதுக்குள் மகளின் மூச்சு இறைந்தது. விக்கலுக்கு நடுவில் "அம்மா, அம்மா" என்று அவள் கூப்பிடுவதைக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். எத்தனை நாள் தூங்கவில்லை, எவ்வளவு இளைத்திருக்கிறாள், எவ்வளவு பயந்திருக்கிறாள் என்று எல்லாம் தெரிந்தது. இரண்டு வருஷம் படித்ததில் தெரியாதது மூன்று நிமிடத்தில் தெரிந்தது.

காதுக்குப் பின்னால் பொட்டு இரண்டு முறை துடித்தது. ஒலி முதல் கோட்டுக்கு இறங்கியது. மறுபடி எறும்பு ஊர்கிற சத்தம். வர்ஷினி கண்ணைத் திறந்தாள். பொத்தானை அமுக்கினாள், அமுக்கிக்கொண்டே இருந்தாள். பேச்சு முடிய இன்னும் ஏழு நிமிடம் இருந்தது. திரையில் ஒரே ஒரு வரி வந்து விழுந்தது: "அம்மா இன்னும் கேக்குதா".

"கேக்குது சாமி, நல்லாக் கேக்குது" என்றாள் வர்ஷினி. "நீ அழு."

அதற்குப் பிறகு எழுத்து எதுவும் விழவில்லை. ஏழு நிமிடமும் அந்த வெற்றுத் திரையைப் பார்த்துக்கொண்டு, "ம்ம்... ம்ம்..." என்று கொட்டிக்கொண்டே உட்கார்ந்திருந்தாள்.