சாயாத பாய்கள்

டீசல் கடலை விட்டு ஒழிந்தபின் தூத்துக்குடிக் கரையில் மறுபடி பாய்கள் எழுந்தன. ஆனால் இவை அறிவுள்ள பாய்கள். உடலறி பாய் என்று பெயர். ஓட்டுபவர் இடுப்பு வாரைப் பாயின் கொக்கியில் மாட்டிக்கொண்டு பின்னால் சாய்ந்தால் போதும். அவர் தசை இறுகுவதை வைத்தே அது திரும்பும், தளரும், நிமிரும். சொல்லைக் கேட்காது, உடம்பை மட்டும் கேட்கும். மீன்பிடிப் படகுகளிலும் ஆட்கள் இப்படித்தான் வாரைப் பூட்டிக்கொண்டு வெளியே சாய்ந்து எடை கொடுக்கிறார்கள்.

பாய்களுக்கு உடம்பால் பாடம் சொன்னவள் மெல்டா. இரண்டு பருவம் முழுக்கக் கச்சான் என்கிற மேல்காற்றில், ஒற்றை ஆள் பாய்ப்பலகையில் நின்று பழக்கினாள். இன்று புது ரகப் பாய்க்குச் சோதனை. அவள் ஓட்டக்கூடாதாம். கடல் பழகாத ஆளுக்கும் அவள் பாடம் பலிக்கிறதா என்று பாய் வாங்க வந்தவர்கள் பார்க்க வேண்டுமாம். பாய் செய்யும் நிறுவனம் பிடித்த ஆள் அவள் தம்பி ரெஜிஸ். ஓட்டிக் காட்டினால் நிரந்தர வேலை என்று ஆசை காட்டியிருந்தார்கள்.

"ஏல, காத்தப் பாத்தியா? தண்ணி கெடந்து கொதிக்கி. நாளைக்குப் பாப்போம்னு சொல்லு."

"நீ பழக்குன பாய்தானக்கா? பொறவு என்ன பயம்?"

மெல்டா அவன் இடுப்பு வாரை இறுக்கிக் கட்டிவிட்டாள். உள்ளுக்குள் பெருமையும் இருந்தது, பொய் சொல்வானேன்.

ரெஜிஸ் சாய்ந்தான். பாய் அவனோடு சாய்ந்து பறந்தது. குட்டை அலைகள் இரண்டு பக்கமும் பலகையை அறைந்தன. ஒவ்வொரு அறைக்கும் பாய் முன்கூட்டியே விலகிக் கொடுத்தது. கரையில் போட்ட பந்தலுக்குக் கீழே வாங்க வந்தவர்கள் வாயைப் பிளந்தார்கள். கரையில் நின்ற மெல்டாவின் இடுப்பு அவளை அறியாமலே கூட வளைந்தது. அத்தனையும் அவளுடைய வளைவுகள்.

அப்போது கடல் கறுத்து ஒரு பெரிய காற்று வீச்சு வந்தது. பாய் ஒரு கணம் நடுங்கியது. கொக்கி தானாகத் திறந்தது. ரெஜிஸ் மல்லாக்கத் தண்ணீரில் போய் விழுந்தான். பாரம் நீங்கிய பாயோ காற்றை உதறிவிட்டு நிமிர்ந்து, ஆளில்லாமல் ஒய்யாரமாகக் கரைக்கு வந்து சேர்ந்தது. பந்தலில் கைதட்டினார்கள். சனியன் பிடித்தவர்கள், அதுவும் வித்தை என்று நினைத்துக்கொண்டார்கள்.

மீட்புப் படகு பாய்ந்தது. மெல்டா பொறியாளர் நிவேதனின் சட்டையைப் பிடித்தாள்.

"கொக்கியத் தெறந்தது யாரு?"

"பாய்தான். பெரிய வீச்சு வந்தா நீங்க செய்யிறது அதானே மேடம்? ஒரு தடவகூட நீங்க மாத்திச் செஞ்சதில்ல."

அவள் கை தளர்ந்தது. உண்மைதான். பாய்மரம் ஒடிந்தால் அந்தப் பருவமே போச்சு, சோதனை ஓட்டிகள் அத்தனை பேருக்கும் வேலை கிடையாது. அதனால் அவர்களுக்குள் ஒரு பழக்கம். வீச்சு வந்தால் கொக்கியைக் கழற்றிவிட்டுத் தாங்களே தண்ணீரில் விழுவார்கள். எடை போனால் பாய் தப்பிக்கும். விழத் தெரிந்தவர்களுக்கு அது விளையாட்டு, சிரித்துக்கொண்டே நீந்தி வருவார்கள். அந்தச் சிரிப்பு பாய்க்கு எங்கே புரியும்? ஆபத்து வந்தால் ஆளை உதிர்க்க வேண்டும் என்று மட்டும் புரிந்துகொண்டது.

ரெஜிஸைத் தூக்கி வந்து மணலில் கிடத்தினார்கள். தோள் கழன்று கை தொங்கியது. உப்புத் தண்ணீரைக் கக்கிவிட்டு அக்காவைப் பார்த்தான்.

"சின்னதுல நீச்சல் பழக்கும்போது சொல்லாமக் கொள்ளாமக் கையெடுப்பியேக்கா... அதே மாதிரி இருந்துச்சு."

மெல்டா மணலில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள்.

"அந்தப் பாடத்த அழிச்சிருங்க சார். இப்பவே அழிங்க."

நிவேதனின் முகம் வெளுத்துவிட்டது. "போன வாரமே எல்லா மீன்பிடிப் படகுக்கும் ஏத்திட்டோம். எல்லாம் இப்பக் கடல்லதான் நிக்கிது."

"அப்ப அவங்களக் கரைக்குக் கூப்பிடுங்க!"

அவன் ஏற்கெனவே வாக்கிடாக்கியில் கத்திக்கொண்டிருந்தான். எந்தப் படகிலிருந்தும் பதில் இல்லை. காற்று இன்னும் ஏறியது. மெல்டா கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தாள். படகுகளில் ஆட்கள் தெரிகிற தூரம் இல்லை. பாய்கள் மட்டும் தெரிந்தன. வரிசையாக, நேராக, ஒன்றுகூடச் சாயாமல் கரையைப் பார்த்து வந்துகொண்டிருந்தன.