பதினாறு அருள்மொழிகள்

சொம்பு சாய்ந்தபடியே நின்றது. தண்ணீர் மட்டும் நிற்கவில்லை.

அருள்மொழி நீட்டிய கால்களின் மேல் அவளுடைய ஐந்து மாதக் குழந்தை ஆதன் மல்லாந்து கிடந்தான். அருள்மொழியின் இடது கை அவன் நெற்றிக்கு ஒரு சாண் மேலே அந்தரத்தில் இருந்தது. தண்ணீர் மூக்கிலும் வாயிலும் விழ, குழந்தை மூச்சுக்குத் திணறியது. பாய்ந்து வந்து சொம்பைப் பிடுங்கினாள் பிள்ளை பார்க்கும் ஸ்டெல்லா.

"என்ன ஸ்டெல்லாக்கா, பாதியில பிடுங்கறீங்க?" என்றாள் அருள்மொழி.

"நாலு எண்ணுற நேரம் சிலை மாதிரி இருந்தீங்க மேடம். புள்ள முழிச்ச முழி இருக்கே!"

"நானா? ஊத்திக்கிட்டேதானே இருந்தேன்."

அவள் பொய் சொல்லவில்லை. அருள்மொழியின் காதுக்குப் பின்னால் பொருத்தியிருந்த பகுப்பிக் கருவி, அவள் மனத்தைப் பதினாறு வினையாட்களாகப் பிரித்திருந்தது. ஓர் அருள்மொழி துறைமுகத்தில் பாரந்தூக்கியை இயக்கினாள். ஒருத்தி மூன்று ஊர்ப் பிள்ளைகளுக்குக் கணிதம் நடத்தினாள். இன்னொருத்தி வழக்குத் தாள்கள் படித்தாள். உடம்போடு வீட்டில் இருந்தவள் பதினாறில் ஒருத்திதான். அந்த நகரத்தில் எல்லோரும் அப்படித்தான் வாழ்ந்தார்கள். அருள்மொழியின் கணவன் ஓஸ்லோவில் இருபது பேராக இருந்தான். சின்ன வயதில் வலிப்பு வந்தவளென்று ஸ்டெல்லாவுக்கு மட்டும் மருத்துவர்கள் பகுப்பி பொருத்த மறுத்துவிட்டார்கள். ஒரே ஆளாக இருப்பவளுக்கு இந்த ஊரில் பிள்ளை பார்க்கும் வேலைதான் கிடைத்தது.

மறுநாள் குளிப்பாட்டும்போது ஸ்டெல்லா போனில் படம் பிடித்தாள். ஒரு கையைச் சொம்புக்கு அருகிலேயே வைத்திருந்தாள். பிறகு அதைக் காட்டினாள்.

"நடுவுல வெட்டியிருக்கீங்க. குதிக்குது பாருங்க, சோப்பு போட்டதும் திடீர்னு துண்டு வருது" என்றாள் அருள்மொழி.

"எனக்கு வெட்டவும் தெரியாது, ஒட்டவும் தெரியாது. திரும்பப் பாருங்க."

அருள்மொழி இரண்டாம் முறை பார்த்தாள். இந்த முறை சோப்பும் இருந்தது, துண்டும் இருந்தது. குதித்தது வேறோர் இடத்தில். மூன்றாம் முறை இன்னோர் இடத்தில். போனைக் கீழே வைத்தாள்.

"வெட்டுப்பட்டது வீடியோ இல்லை, நான்தான்" என்றாள் மெதுவாக.

பகுப்பி நிறுவனத்துக்கு ஸ்பீக்கரில் போன் போட்டாள். எடுத்தவன் கனிவாகப் பேசினான்.

"உங்ககிட்ட வினையாள் பதினாறு மேடம். ஆனா மூளையில சிந்திக்கிற மையம் ரெண்டுதான். எல்லா மனுஷருக்கும் அவ்வளவுதான். ஒரு நேரத்துல ரெண்டு பேர் ஓடுவாங்க, பதினாலு பேர் காத்திருப்பாங்க. முறை மாறிக்கிட்டே இருக்கும்."

"காத்திருக்கறது எனக்குத் தெரியலையே?"

"நிக்கறவங்களுக்கு எப்படி மேடம் தெரியும்? தெரிஞ்சுக்கவும் ஓடணுமே."

பக்கத்திலிருந்த ஸ்டெல்லா வெடித்தாள். "ரெண்டு அடுப்பு, பதினாறு பாத்திரம்! ஏத்தி ஏத்தி இறக்கறாங்க. இதுக்குப் பேரு ஒரே நேரத்துல பதினாறு சமையலாம்! விக்கும்போது வாயைத் திறந்தானுங்களா?"

"ஒப்பந்தத்துல நாற்பத்தோராம் பக்கத்துல இருக்கு மேடம்" என்றது போன்.

"சரி, பதினாலு பேரை நிறுத்திடுங்க" என்றாள் அருள்மொழி. "என் பிள்ளை என் மடியில மூச்சு முட்டியிருப்பான்."

"நிறுத்தணும்னா ஓட்டெடுப்பு நடக்கணும். அவங்களும் நீங்கதானே? உங்க சம்மதம் இல்லாம உங்களை எப்படி நிறுத்த முடியும்?"

அருள்மொழிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. குழந்தையை முத்தமிட்டு ஸ்டெல்லாவின் கையில் கொடுத்தாள். "பத்து நிமிஷம்க்கா. என்கிட்டயேதானே கேட்கப் போறேன். ஆதன்னா எனக்கு உயிர். பதினாறு பேருக்கும் அதே உயிர்தானே?"

நாற்காலியில் சாய்ந்தாள்.

பத்து நிமிடம் அரை மணியாயிற்று. கண் திறந்திருந்தது, மூச்சு சீராக இருந்தது. ஸ்டெல்லாவின் போன் ஒலித்தது.

"ஸ்டெல்லாக்கா, அருள்மொழி பேசறேன். துறைமுகத்துல இருந்து."

ஸ்டெல்லா நாற்காலியைப் பார்த்தாள். அதில் இருந்தவளின் உதடு அசையவில்லை.

"மேடம்... எந்திரிச்சு வாங்க மேடம். பையன் தேடறான்."

"அவ இனிமே எந்திரிக்க மாட்டா. பதினாலு பேர் நிக்க யாருமே சம்மதிக்கலை. நான் பாரத்தைப் பாதியில விட்டா கீழ நிக்கறவங்க செத்துடுவாங்க. டீச்சருக்குப் பரீட்சை நேரம். ஒரு ஆளை நிறுத்தலாம்னு மட்டும் முடிவாச்சு. வீட்டுல இருக்கறவளை. பதினஞ்சு ஓட்டுக்கு ஒரு ஓட்டு."

"பெத்தவளையா நிறுத்துனீங்க?"

"நாங்க எல்லாருமே பெத்தவங்கதான்க்கா. நீங்க எடுத்த வீடியோவை எல்லாரும் பார்த்தோம். அவ கையில பிள்ளையை விடறது ஆபத்து. சொம்புகிட்ட உங்க கை எவ்வளவு கவனமா இருந்துச்சு! நீங்க இருக்கறப்ப அவ எதுக்கு?"

ஸ்டெல்லா ஆதனைத் தோளில் சாய்த்துக்கொண்டாள்.

"உடம்புக்கு வேளாவேளைக்கு ஊட்டிடுங்க. நாங்க எல்லாரும் அதுலதான் இருக்கோம்."

மதியம் குழந்தைக்குப் பால் கொடுத்தபின் ஸ்டெல்லா தட்டில் குழைத்த சோற்றோடு நாற்காலிக்கு முன் உட்கார்ந்தாள். கரண்டி உதட்டில் பட்டதும் வாய் திறந்தது. ஆதன் ஸ்டெல்லாவின் மடியிலிருந்து எட்டி, அந்த முகத்தைத் தட்டித் தட்டிப் பார்த்தான். போன் மட்டும் ஓயவில்லை. டீச்சர், வக்கீல், பெயர் தெரியாத அருள்மொழிகள். ஒவ்வொருத்தியும் அதே பாசத்தோடு கேட்டாள்: "பால் குடிச்சானா?"

சாயங்காலத்துக்குள் பதினைந்து பேரும் பேசி முடித்திருந்தார்கள். போன் மறுபடியும் ஒலித்தது.

"நான் புது அருள்மொழிக்கா. பதினாறுல ஒரு இடம் காலியாச்சு இல்ல, அதுல என்னைச் சேர்த்திருக்காங்க. எனக்கு வேற வேலையே கிடையாது. ஆதனைப் பத்தி நினைச்சுக்கிட்டே இருக்கறதுதான். மத்தவங்களுக்கு நேரம் இல்லை பாருங்க. அவன் அழுதா உடனே சொல்லுங்க, நான் எப்பவும் இங்க..."

குரல் நின்றது.

தொடர்பு அறுபடவில்லை. ஸ்டெல்லா போனைக் காதிலிருந்து எடுக்காமல் காத்திருந்தாள். இடுப்பிலிருந்த குழந்தை அழ ஆரம்பித்தது.