எடு என்று சொல்லும்வரை

கறுப்புத் துணி இன்னும் அவர் கையில்தான் இருந்தது. அதற்குள் காரின் பின்விளக்குகள் எரிந்துவிட்டன.

கண்ணாடிக்காரர் குனிந்து பார்த்தார். இரண்டு பக்கமும் சிவப்பு. இன்ஜின் மெல்ல முனகிக்கொண்டிருந்தது, ஸ்விட்ச் ஆட்டோவில் இருந்தது, பட்டறை முற்றத்தில் பதினோரு மணி வெயில் காலைச் சுட்டது. இந்த வெளிச்சத்தில் எந்தக் காரும் தானாக விளக்கைப் போடாது. முன்கண்ணாடியின் உச்சியில், உள்பக்கமாக ஒட்டியிருக்கும் அந்தப் பொத்தான் அளவு சென்சாரை யாராவது வெளியிலிருந்து கையால் மூடினால்தான் உண்டு. கையால் மூட ஆளில்லை என்பதால்தான் துணியைக் கொண்டுவந்திருந்தார். அதைப் போர்த்துவதற்கு அவர் இன்னும் முன்பக்கம் போகவே இல்லை.

சுற்றி வந்து பார்த்தார். யாருமில்லை. சுவரோரம் அடுக்கிய கண்ணாடிகளில் வெயில் தகதகத்தது, பசையின் காட்டமான வாடை மூக்கில் ஏறியது. அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே விளக்குகள் அணைந்தன. சென்சாரை மூடியவர் கையை எடுத்தால் எப்படி அணையுமோ அப்படி.

புதுச் சென்சார், புது ஜெல், எல்லாம் புதுசு. மகள் திங்கட்கிழமை வேலையில் சேர்கிறாள், அவளுக்காக வாங்கிய பழைய கார் இது. இதில் மட்டும் அவர் எதையும் மிச்சம் பிடிக்கவில்லை.

இருபத்திரண்டு வருஷமாகக் கார்களுக்குக் கண்ணாடி மாற்றுகிறவர் அவர். சென்சார் வைத்த கார்கள் வந்த நாளிலிருந்து அந்தச் சோதனைக்கு அவருடைய மனைவிதான் கை கொடுத்தாள். அவர் பின்னால் போய் நின்றுகொண்டு "வை" என்பார். அவள் கல்லாவிலிருந்து எழுந்து வந்து, பானெட்டின் மேல் சாய்ந்து, கண்ணாடியில் உள்ளங்கையை அழுத்தி வைப்பாள். "எரியுதா?" என்பாள். "எரியுது. எடு." அவ்வளவுதான் சோதனை. அவர் 'எடு' சொல்ல மறந்து யாரிடமாவது பேசிக்கொண்டு நின்றால், அவளும் விடாப்பிடியாக அப்படியே நிற்பாள். "நீங்க எடுன்னு சொல்ற வரைக்கும் எடுக்க மாட்டேன். கை மரத்துப்போனா வைத்தியச் செலவு உங்களுது" என்பாள். ஊர்க் காருக்கெல்லாம் கண் வைத்தியம் பார்க்கிற மனுஷன், வீட்டில் ஒரு பல்பு மாற்ற ஆளில்லை என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பாள். அவள் சிரிப்பு பட்டறைக் கடைசி வரை கேட்கும்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவளுடைய காருக்கே கண்ணாடி மாற்ற வேண்டி வந்தது. சென்சாருக்கும் கண்ணாடிக்கும் நடுவில் வைக்கிற ஜெல் வில்லை கையிருப்பில் இல்லை. பழைய வில்லையையே துடைத்து ஒட்டினார். ஓரத்தில் ஒரு காற்றுக்குமிழி நின்றது, மிளகு அளவுக்கு. அது அவர் கண்ணில் பட்டது. பட்டும் விட்டுவிட்டார். உள்ளங்கைச் சோதனையில் விளக்கு எரிந்தது, அது போதும் என்று நினைத்தார். உள்ளங்கை தருகிற இருட்டு வேறு, பனிமூட்டம் தருகிற மங்கல் வேறு என்பது இந்தத் தொழிலில் இருக்கிறவர்களுக்குத் தெரியும். பனி வெள்ளையாக இருக்கும். நல்ல சென்சாரே அதைப் பகல் என்று எண்ணி ஏமாறும், குமிழி விழுந்த சென்சாரைக் கேட்கவே வேண்டாம். ஸ்பீடு மீட்டர் பளிச்சென்று தெரியும். முன்னால் சின்னப் பகல் விளக்கும் எரியும். ஓட்டுகிறவர்கள் விளக்கெல்லாம் எரிவதாக நினைத்துக்கொள்வார்கள். பின்பக்கம் மட்டும் இருண்டு கிடக்கும்.

"ஸ்விட்சைத் தொடவே வேண்டாம். அதுவே பாத்துக்கும்" என்று அவளிடம் சொன்னார்.

மறுநாள் விடிகாலையில் பனிமூட்டத்தில் பின்னால் வந்த லாரி அவள் கார் மேல் ஏறியது. "லைட்டே தெரியல சார், சத்தியமா தெரியல" என்று லாரி டிரைவர் அழுதார். விசாரணையில் கண்ணாடிக்காரரைக் கேட்டார்கள். "எரிஞ்சுது. முந்தின நாள் நானே செக் பண்ணேன்" என்றார். யாருக்கும் சந்தேகம் வரவில்லை, மனைவியைப் பறிகொடுத்தவர் பொய் சொல்வாரா? அந்த டிரைவர் இன்னும் சிறையில் இருக்கிறார். குமிழியைப் பற்றி அவர் மகளிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை. சொன்னால் மிச்சமிருக்கிற ஒரே உறவும் போய்விடும் என்று பயந்தார்.

விளக்கு தானாக எரிந்த அன்று சாயங்காலம் மகளின் காரைத் துடைக்கும்போது முன்கண்ணாடியின் உச்சியில் ஒரு தடம் தெரிந்தது. வெளியிலிருந்து துடைத்தார், போகவில்லை. உள்ளே உட்கார்ந்து துடைத்தார், அப்போதும் போகவில்லை. ஐந்து விரல், ஒரு உள்ளங்கை. கட்டைவிரல் அடியில் குறுக்காக ஒரு கோடு. மனைவியின் கையை ஒரு தடவை உடைந்த கண்ணாடி கிழித்தது அந்த இடத்தில்தான். மூன்று தையல் போட்டபோது அவர்தான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். வெகுநேரம் அந்தத் துணியை மடியில் வைத்துக்கொண்டு காருக்குள்ளேயே இருந்தார். பயத்தைவிட ஏக்கம்தான் அவருக்கு அதிகமாக இருந்தது.

திங்கட்கிழமை காலை தெருவையே காணவில்லை. வாசலைத் திறந்ததும் பனி உள்ளே வந்து முகத்தில் ஈரமாக ஒட்டியது. எதிர்வீட்டுச் சுவர் இருக்கவேண்டிய இடத்தில் வெறும் வெள்ளை.

"இன்னைக்குப் போகணுமாம்மா?" என்றார்.

"முதல் நாளே லீவு போட்டா நல்லாவா இருக்கும்? நீங்க சும்மா பக்கத்துல உக்காருங்கப்பா, போதும்" என்று மகள் சீட்டை முன்னால் இழுத்துக்கொண்டாள். ஆய்வுக்கூட வேலை. புதுச் சட்டையில் இஸ்திரி வாசனை கூடப் போகவில்லை.

பைபாஸ் சாலையில் ஏறினார்கள். டயர் ஈரத்தில் உரசும் சத்தம், வைப்பர் ஒரு தரம் இழுத்துவிட்டு நிற்கும் சத்தம், தூரத்தில் எங்கோ ஒரு ஹாரன். கொஞ்ச தூரம் போனதும் அதுவும் இல்லை, பஞ்சுக்குள் புதைந்துபோனது மாதிரி. கண்ணாடியின் உச்சியில் இருந்த தடம் இப்போது இல்லை. அதைக் கவனித்ததும் அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"லைட் போட்டியா?"

"ஆட்டோலதானேப்பா இருக்கு. அதுவே பாத்துக்கும்."

அவர் சொன்ன அதே வார்த்தைகள். கையை நீட்டி ஸ்விட்சை அவரே திருப்பினார். விளக்கு எரிந்ததற்கான பச்சைக் குறி வரவில்லை. திரும்பவும் திருப்பினார். வரவில்லை. அபாய விளக்கின் முக்கோணத்தை அழுத்தினார். டிக் டிக் கேட்கவில்லை.

"ஓரங்கட்டு. இப்பவே."

ஓரம் என்று நினைத்த இடத்தில் கார் நின்றது. அவர் ஒரே தாவலில் இறங்கிப் பின்னால் ஓடினார்.

இருட்டு. இரண்டு பக்கமும். நான்கு அடி தள்ளி நின்றவருக்கே கார் சாம்பல் நிழலாகத்தான் தெரிந்தது. வருகிற வண்டிக்கு அதுவும் தெரியாது. இறங்கு என்று மகளைக் கூப்பிட வாயைத் திறந்தார்.

"எரியுதா?"

முன்பக்கத்திலிருந்து. பானெட்டின் மேல் சாய்ந்தபடி கேட்கிற குரல். மூச்சு கொஞ்சம் இரைக்க.

அவர் யோசிக்கவில்லை. யோசிக்க நேரமில்லை. பல வருஷப் பழக்கம், நாக்கு தானாகச் சொன்னது.

"எரியுது."

சொன்ன பிறகுதான் கேட்டது. பின்னால். பனிக்குள். கனமான டயர்கள். லாரி.

"இல்ல! எரியல! இறங்கும்மா, இறங்கு!"

கதவு திறக்கவில்லை. உள்ளே மகள் தோளால் இடிக்கிறாள். பாதி இறங்கிய ஜன்னல். "அப்பா, கதவு வரல!"

"எரியுதா?"

அதே குரல். கோபமில்லை. அவசரமில்லை. கல்லாவில் வேலை கிடக்கிறது, சீக்கிரம் சொல்லுங்க என்பதுபோல. லாரியின் இரைச்சல் காலடியில் அதிர்ந்தது.

"எரியல" என்று கத்தினார். "எரியலடி! அன்னைக்கும் எரியல. குமிழி இருந்துச்சு. நான் பாத்தேன். பாத்துட்டுத்தான் ஒட்டினேன். அந்த டிரைவர் மேல தப்பில்ல. நான்தான் பொய் சொன்னேன்!"

சிவப்பு.

பனி முழுக்கச் சிவப்பு. அவருடைய கைகள், சட்டை, சாலை, எல்லாம். பின்னால் பிரேக் அலறியது. ஒரு பெரிய கறுப்புச் சுவர் அவருக்கு ஒரு முழம் தள்ளிக் கடந்து போயிற்று. டீசல் வாடை. ஹாரன். பிறகு ஒன்றுமில்லை.

கதவு லேசாகத் திறந்துகொண்டது. மகள் இறங்கினாள். சாவி அவள் கையில் இருந்தது. ஜன்னல் பாதி திறந்திருந்தது, எல்லாம் கேட்டிருக்கும்.

"அம்மா காருலயாப்பா?"

அவர் ஆமென்று தலையசைத்தார்.

"அந்த லாரிக்காரரோட சம்சாரம் நம்ம வாசல்ல வந்து அழுதாங்களே. நான்தானே அவங்களைத் திட்டி அனுப்பினேன். நீங்க உள்ளதானே இருந்தீங்க?"

அவள் சாவியை அவர் கையில் வைக்காமல் பானெட்டின் மேல் வைத்தாள். அப்புறம் சாலையோரமாக நடக்கத் தொடங்கினாள். அவர் பின்னால் போகவில்லை. ஏறி அவள் சீட்டில் உட்கார்ந்தார். புதுச் சட்டையின் இஸ்திரி வாசனை அங்கே கொஞ்சம் மிச்சமிருந்தது.

அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தார்.

கண்ணாடியின் உச்சியில் அந்தக் கை இருந்தது. தடமில்லை, கை. வெளியிலிருந்து அழுத்திய உள்ளங்கை, கட்டைவிரல் அடியில் மூன்று தையல். மணிக்கட்டுக்கு மேல் பனி.

சாவி வெளியே கிடந்தது, இன்ஜின் ஓடவில்லை, விளக்குகள் எரிந்துகொண்டேயிருந்தன. அரை மணி நேரம் ஆகியிருக்கும். வெயில் வந்தது. மரங்கள் தெரிந்தன, மைல்கல் தெரிந்தது, தூரத்தில் திரும்பிப் பார்க்காமல் போகும் மகள் ஒரு புள்ளியாகத் தெரிந்தாள். பனி துளிகூட மிச்சமில்லாமல் விலகியது. கை மட்டும் விலகவில்லை. அதற்குப் பின்னால் முழங்கை இல்லை, தோள் இல்லை, முகம் இல்லை, வெறும் வெயில்தான் இருந்தது. வெகுநேரம் அழுத்தியதில் விரல் நுனிகள் வெளுத்துப்போய், லேசாக நடுங்கத் தொடங்கியிருந்தன.

அவர் சொல்லவேண்டியது ஒரே ஒரு வார்த்தை. சொன்னால் அவள் போய்விடுவாள்.

அவர் வாயை இறுக மூடிக்கொண்டார்.