தேய்பிறை மருந்து

அந்தப் பெட்டை மயில் தன் கண்ணைத் தோளில் தேய்த்தது. காலையில் தீவனம் வைக்கும்போது ஒருமுறை தேய்த்தது, தண்ணீர்த் தொட்டியைக் கழுவும்போது இன்னொருமுறை தேய்த்தது. பதினோரு மணி வெயிலில் மற்ற மயில்களெல்லாம் மாமர நிழலில் புழுதியைக் கிளறி உடம்பில் வாரிப் போட்டுக்கொண்டு கிடக்க, இது மட்டும் வேலியோரம் தனியாக நின்று, தலையைத் திருப்பி, வலது கண்ணைத் தோள் இறகில் அழுத்தி, அரிப்பெடுத்த மாடு கம்பத்தில் உரசுவதுபோல விடாமல் தேய்த்துக்கொண்டே இருந்தது. அந்த இடத்து இறகு நனைந்து ஒட்டிக் கிடந்ததை யமிலே கவனித்தாள்.

சினு ஆற்றங்கரையில் இருந்த அந்தப் பண்ணைக்கு அவள் வேலைக்கு வந்து ஏழு மாதம். பண்ணைக்காரி தோன்யா உபால்தினாவின் பன்னிரண்டு மயில்களைப் பார்த்துக்கொள்வதுதான் வேலை. மயில் என்றால் அழகு என்று பெருமூச்சு விடுகிறவர்கள் ஒரே ஒரு வாரம் அவற்றின் எச்சத்தை அள்ளிப் பார்க்க வேண்டும். தினமும் கூட்டைச் சுரண்ட வேண்டும், ஈரமான இடத்தில் சுண்ணாம்பு தூவி உலர்ந்த மணலைப் பரப்ப வேண்டும், கோழிகள் உள்ளே வராமல் விரட்ட வேண்டும், எச்சம் மஞ்சளாகப் போகிறதா என்று குனிந்து பார்க்க வேண்டும். இவ்வளவும் செய்தவளை அவை கொத்தவே செய்தன. முழங்கைக்குக் கீழே அவளுக்குத் தழும்பில்லாத இடம் குறைவு.

யமிலேவுக்கு ஒரு கண்தான். பத்தொன்பது வயதில் நெல் தூற்றும்போது இடது கண்ணில் உமி விழுந்து, சீழ் பிடித்துப் போய்விட்டது. மிச்சமிருந்த வலது கண்ணை அவள் பொத்திப் பொத்தி வைத்திருந்தாள். புழுதிக் காற்று அடித்தால் வீட்டுக்குள் ஓடுவாள், அடுப்பு ஊதும்போது முகத்தைத் திருப்பிக்கொள்வாள். இதுவும் போனால் லோரிக்கா நகரத்தில் அண்ணன் வீட்டு மூலையில் உட்கார்ந்து, அண்ணி போடுகிற மரவள்ளிக் கிழங்கைத் தடவித் தடவித் தின்ன வேண்டும். அண்ணி எப்படிப் போடுவாள் என்பது அவளுக்குத் தெரியும்.

பெட்டையைப் பிடித்து, இறக்கையை இடுப்போடு அணைத்துக்கொண்டு, கண்ணின் உள் இமையைக் கட்டைவிரலால் மெல்ல ஒதுக்கினாள். அடியில் வெள்ளை வெள்ளையாக நூல்கள். வெளிச்சம் பட்டதும் நூல்கள் சுருண்டு இமைக்குள் போய் ஒளிந்தன.

தோன்யா உபால்தினா முன்கூடத்தில் ஆடும் நாற்காலியில் இருந்தாள். எழுபது வயது, கையில் பிரம்பு, வாயில் எந்நேரமும் சுருட்டு.

"அம்மா, ஒரு பெட்டைக்குக் கண்ணுல புழு."

"ஒத்தைக் கண்ணை வச்சுக்கிட்டு நீ புழுவைப் பாத்தியாக்கும்."

"நெளியுது அம்மா. மூணு நாலு இருக்கும்."

"கரப்பான்பூச்சியைத் தின்னு புழு ஏறிருக்கும். மக்கிப்போன தென்னமட்டையைப் பொரட்டிப் போட்டு, பூச்சி பொறுக்கட்டும்னு வேடிக்கை பாத்தது யாரு? நானா?"

அது உண்மைதான். மட்டையைப் புரட்டிப் போட்டால் அரை மணி நேரமாவது அவை அவளைக் கொத்தாமல் இருந்தன.

"படகுக்கார எலியேசர் வியாழக்கிழமை மருந்து கொண்டாருவான். இப்ப வளர்பிறை. இதுல புழுவைச் சீண்டினா வெறி புடிச்சு அலையும். பௌர்ணமி கழிச்சு மூணாம் நாள் குடுக்கலாம். அதுவரைக்கும் உன் கையைச் சும்மா வை."

அந்த ஆற்றங்கரை முழுக்க அப்படித்தான். பிள்ளைக்கானாலும் நாய்க்கானாலும் மாட்டுக்கானாலும் பூச்சி மருந்து தேய்பிறையில்தான். யமிலேவின் அம்மாவும் நிலாவைப் பார்த்துவிட்டுத்தான் கரண்டியை எடுப்பாள். ஆனாலும் மறுநாள் காலை அந்தப் பெட்டை, இரண்டு கண்ணும் வீங்கி, தட்டு எங்கே இருக்கிறதென்று தெரியாமல் வெறுந்தரையைக் கொத்திக்கொண்டிருந்ததைப் பார்த்தபோது அவளுக்கு மனசு கேட்கவில்லை. கண் தெரியாமல் சோற்றைத் தேடுவது அவளுக்கு வெறும் காட்சியாகத் தெரியவில்லை. உப்புத் தண்ணீரும் சாமணமும் எடுத்துக்கொண்டு போனாள்.

இரண்டு சொட்டு விட்டதும் புழுக்கள் மேலே வந்தன. ஒன்றைப் பிடித்து இழுத்தாள். அது நினைத்ததைவிட நீளமாக வந்துகொண்டே இருந்தது. பெட்டை தலையை உதறியது. ஈரமாக ஏதோ ஒன்று அவள் வலது கண்ணில் தெறித்தது.

சாமணத்தைப் பார்த்தாள். அதில் ஒன்றும் இல்லை.

கிணற்றடிக்கு ஓடி, வாளி வாளியாக இறைத்துக் கண்ணைக் கழுவினாள். கண் சிவந்து எரியும்வரை கழுவினாள். தண்ணீர்தான் தெறித்தது, வெறும் தண்ணீர்தான் என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டாள். கிழவியிடம் மூச்சு விடவில்லை. சொன்னால் அன்றைக்கே மூட்டையைக் கட்டச் சொல்வாள்.

புதன்கிழமைக்குள் எல்லா மயில்களும் தேய்க்கத் தொடங்கின. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பண்ணையே தூங்கும் நேரத்தில், தகரக் கூரை வெயிலில் சடசடக்க, ஆற்றிலிருந்து சேற்று வாடை மேலேறி வர, கூட்டிலிருந்து அந்தச் சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது: கண் இறகில் உரசும் சத்தம், வறண்டு, சீராக, துடைப்பத்தால் தரையை மெதுவாகப் பெருக்குவதுபோல. யமிலே தொங்கும் தூளியில் படுத்து அதைக் கேட்டாள். எதிரே சுண்ணாம்பு அடித்த வெள்ளைச் சுவர். சுவரில் ஒரு மயிரிழை.

கண்ணைச் சிமிட்டினாள். மயிரிழை போகவில்லை. பார்வையை இடப்பக்கம் நகர்த்தினாள்; அதுவும் கூடவே வந்தது. சரி, வயசாகிறது, கண்ணில் தூசி மிதக்கிறது, எல்லோருக்கும் வருவதுதான். பார்வையை அசைக்காமல் சுவரின் ஒரே புள்ளியில் நிறுத்தி, மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள்.

மயிரிழை வளைந்தது. பிறகு நிமிர்ந்தது.

வியாழக்கிழமை எலியேசர் மோட்டார் படகில் வந்து இறங்கினான். ஆற்றோரப் பண்ணைகளுக்கெல்லாம் தீவனமும் மருந்தும் கொண்டுவருகிறவன், வாய் ஓயாதவன். கூட்டில் சுண்ணாம்பு தூவிக்கொண்டிருந்த யமிலே கையெல்லாம் வெள்ளையாகப் படித்துறைக்கு வந்தாள். அவளைப் பார்த்ததும் சிரித்தான்.

"என்ன யமிலே, மயிலோட மயிலாவே ஆயிட்டியா?"

"ஏன் அண்ணே?"

"வர்ற வழியெல்லாம் கண்ணைத் தோள்ல தேச்சுக்கிட்டே வர்றியே."

அவளுக்குத் தெரியவே இல்லை. தோளைத் தொட்டுப் பார்த்தாள். சட்டைத் துணி ஈரமாக இருந்தது.

"கையில சுண்ணாம்பு அண்ணே. அதான்."

அவன் கிட்டே வந்து அவள் முகத்தைப் பார்த்தான். சிரிப்பு போய்விட்டது. "கிளம்பி வா. படகுல ஏறு. லோரிக்காவுல டாக்டர்கிட்ட காட்டிட்டு, பொழுது சாயறதுக்குள்ள கொண்டாந்து விட்டுடறேன். இருக்கிறது ஒண்ணு. அதை வச்சுக்கிட்டு விளையாடாதே."

யமிலே ஒரு காலைப் படகில் வைத்துவிட்டாள். படகு ஆடியது. பயத்தில் அவளுக்கு அழுகை வந்தது, ஏறிவிடத்தான் நினைத்தாள்.

"நாளைக்குத்தானே அண்ணே பௌர்ணமி?"

"ஆமா."

"டாக்டர் சொட்டு மருந்து விடுவாரு. விட்டா புழு சாகாது. கலைஞ்சு உள்ள ஓடிரும். மூளைக்குப் போயிட்டா?"

எலியேசர் தாடையைச் சொறிந்தான். அவனும் அந்த ஆற்றங்கரைக்காரன்தானே. "அதுவும் நெசந்தான். எம்புள்ளைங்களுக்கே நான் தேய்பிறையிலதான் குடுக்கறது."

"அஞ்சு நாள்தானே. செவ்வாக்கிழமை வாங்க. நான் மூட்டையோட நிப்பேன்."

"அதுவரைக்கும் தேய்க்காதே. தேய்ச்சா அதுங்களுக்குக் கோவம் வரும்."

காலைப் படகிலிருந்து எடுத்துக்கொண்டாள். மோட்டார் சத்தம் வளைவு தாண்டித் தேய்ந்து மறைகிறவரை படித்துறையில் நின்றாள். ஐந்து நாள். எண்ணிவிடலாம்.

பௌர்ணமிக்கு மறுநாள் மதியம் தோன்யா உபால்தினா பிரம்போடு வந்து நின்று, பன்னிரண்டு மயில்களையும் பழைய நெல் கிடங்கில் அடைக்கச் சொன்னாள். "ரெண்டு நாளைக்குத் தீவனம் கிடையாது. தண்ணி மட்டும். வயிறு காஞ்ச புழுதான் மருந்தை வேற எதுவோன்னு நெனச்சு முழுங்கும்."

"ரெண்டு நாள் தாங்காது அம்மா. அரை நாள் போதும்னு மருந்து குடுத்தப்ப எலியேசர் அண்ணன்..."

"எலியேசர் மயிலா இது?"

அடைத்தாள். முதல் நாள் அவை அகவின. ஒன்று தொடங்கினால் பன்னிரண்டும் சேர்ந்து அகவி, தகரம் அதிர்ந்தது. இரண்டாம் நாள் மரச்சுவரை நகத்தால் பிறாண்டின. அன்று மாலை தண்ணீர் வைக்கப் போனபோது முதலில் புழு வந்த அந்தப் பெட்டை வாசலிலேயே நின்றது. கொத்தவில்லை. மயில் எப்போதும் கையைத்தான் பார்க்கும், கையில் என்ன இருக்கிறது என்று. இது அவள் கையைப் பார்க்கவில்லை. கழுத்தை நீட்டி, தலையை ஒருபக்கமாகச் சாய்த்து, முகத்தைப் பார்த்தது. யமிலே தண்ணீரை வைத்துவிட்டு வேகமாக வெளியே வந்துவிட்டாள்.

திங்கட்கிழமை. தேய்பிறை மூன்றாம் நாள். உச்சி வெயில். ரொட்டியைப் பிய்த்துப் பாலில் நனைத்து, பூண்டு நசுக்கிப் போட்டு, மருந்தைக் கலந்து, பெரிய தட்டில் எடுத்துக்கொண்டு அவள் கிடங்குக்குப் போனாள். இன்று ஒரு நாள். நாளைக்குப் படகு. தோன்யா உபால்தினா நாற்காலியைக் கிடங்கு வாசலுக்கே இழுத்துப்போட்டு உட்கார்ந்திருந்தாள்.

"வெளியிலேருந்து தாழ் போடுறேன். ஒண்ணு தப்பிச்சு ஓடினாலும் மறுபடி முதல்லேருந்துதான். பன்னெண்டும் தின்னப்புறம் கதவைத் தட்டு."

"நான் கூப்பிட்டா உடனே தொறங்க அம்மா."

"தின்னப்புறம்னு சொன்னேன்."

தாழ் விழுந்தது. உள்ளே அனல். எச்சமும் பழைய உமியும் சேர்ந்த புளிப்பு வாடை தொண்டையை அடைத்தது. பலகை இடுக்குகள் வழியே வெயில் கோடு கோடாக விழுந்து, அதில் தூசி மிதந்தது. பன்னிரண்டும் எதிர்ச் சுவரோரம் வரிசையாக நின்றன. தட்டைத் தரையில் வைத்தாள். இரண்டு நாள் பட்டினி கிடந்தவை பாய்ந்து வர வேண்டும். ஒன்றும் நகரவில்லை.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. உரசும் சத்தம் இல்லை.

எதுவும் தேய்க்கவில்லை. பெட்டையின் அருகில் போய்க் குனிந்தாள். கண்கள் தெளிவாக இருந்தன. வீக்கம் இல்லை, சிவப்பு இல்லை, கழுவித் துடைத்தது போலப் பளபளப்பு. அடுத்ததற்கும் அப்படித்தான். அதற்கடுத்ததற்கும். ஒரு கணம் அவளுக்குச் சந்தோஷம் பொங்கியது. மருந்தே வேண்டியிருக்கவில்லை. புழு போய்விட்டது. பன்னிரண்டின் கண்ணிலிருந்தும் போய்விட்டது.

எங்கே போயிற்று?

நேற்றுத் தண்ணீர் வைத்த தொட்டியைப் பார்த்தாள். அதில்தான் இரண்டு நாளும் அவை முகத்தை அமிழ்த்தின. அதைத்தான் அவள் கையால் அளைந்து கழுவினாள். அந்தக் கையால்தான் கண்ணைத் தேய்த்தாள்.

பார்வையில் அந்த நூல் நெளிந்தது. பக்கத்தில் இன்னொன்று. வெயில் கோட்டில் மிதப்பதெல்லாம் தூசி என்று நினைத்திருந்தாள். தலையை அசைக்காமல் நின்றாள். தூசி கீழே இறங்கவில்லை. பின்னிக்கொண்டது. பிரிந்தது.

பெட்டை ஓர் அடி எடுத்து வைத்தது. தட்டைத் தாண்டி.

யமிலே பின்னால் நகர்ந்து கதவில் முதுகை ஒட்டினாள். தட்டினாள்.

"தின்னுடுச்சா?" என்றது வெளியிலிருந்து குரல்.

"இல்ல அம்மா. தொறங்க. என் கண்ணு..."

"தின்னட்டும்."

"அம்மா, மருந்தைத் தொடவே மாட்டேங்குது. என்னையே பாக்குது."

"பசிச்சா பாக்கத்தான் செய்யும்." நாற்காலி ஆடும் சத்தம். கிறீச். கிறீச். சுருட்டுப் புகை கதவிடுக்கில் உள்ளே வந்தது.

தட்டினாள். இரண்டு கையாலும் தட்டினாள். கத்தினாள். அவள் கத்தியதும் பன்னிரண்டும் சேர்ந்து அகவின. எது அவள் குரல் என்று அவளுக்கே தெரியவில்லை.

கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

இருட்டு. இருட்டில் நகங்கள் தரையில். டக். டக். நிற்கவில்லை. மூடிய இமை தானாகத் துடித்தது. உள்ளிருந்து. இமைத் தோல் மேலே உப்பி, நகர்ந்து, இன்னோர் இடத்தில் உப்பியது. நகங்கள் வேகமாக வந்தன.

திறந்தாள்.

ஒரு முழம். அவ்வளவு பக்கத்தில். அரைவட்டமாக நின்றன. கொண்டைகள் அசையவில்லை. தட்டில் ரொட்டி தொடப்படாமல் கிடந்தது.

அவளுடைய ஒரே கண்ணில், வெள்ளையாக, நீளமாக, இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கம் மெதுவாக அது ஊர்ந்தது.

பன்னிரண்டு தலைகளும் இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கம் மெதுவாகத் திரும்பின.