ரங்கூன் பங்களாவில் ஒரு குழவிக்கல்

"என் மவன் உயிரோட இருக்கான். கண்டுபிடிச்சுக் குடுங்கம்மா" என்று அம்சம் வந்து நின்றபோது, தஹ்மீனா காலைத் தேநீரைக் குடித்து முடித்திருக்கவில்லை.

நில அளவைத் துறையில் முப்பது வருடம் வரைபடம் வரைந்தவர் தஹ்மீனா. ஓய்வு பெற்றபின் கூத்தாநல்லூரில் வேலித் தகராறு முதல் காணாமல் போன நகை வரை அவரிடம்தான் வந்தது. அக்காவை 'ராத்தா' என்று கூப்பிடும் சித்தி மகன் ஃபாஜில், செல்போன் கடையைப் பூட்டிவிட்டு முதல் ஆளாக வந்து உட்கார்ந்துவிடுவான்.

"மவனுக்கு என்ன வயசுக்கா?" என்று கேட்டார் தஹ்மீனா.

"நாப்பத்தாறு. பொறந்த அன்னிக்கே செத்துட்டதாச் சொன்னாங்க."

ஊருக்கு வெளியே இருக்கும் ரங்கூன் பங்களா அப்போது பிரசவ ஆஸ்பத்திரி. நாலு மைல் தள்ளியிருந்த கிராமத்திலிருந்து, ஜன்னி கண்ட அம்சத்தை மாட்டுவண்டியில் கொண்டுபோனார்கள்.

"கண்ணத் தொறக்க முடியல. வழியெல்லாம் தண்ணி சத்தம். வண்டி நின்னப்பவும் காதுல அதே சத்தம். அப்படியே உள்ள தூக்கிட்டுப் போனாங்க. முழிச்சப்ப தஞ்சாவூர்ல வேற ஆஸ்பத்திரில கெடக்குறேன்."

குழந்தையைப் புதைத்தவர் கணவர் கண்ணுசாமி. பங்களா ஆஸ்பத்திரியின் வாசற்படிக்கு நேர் எதிரே, பத்து எட்டுத் தூரத்தில். தலைமாட்டில் வீட்டு அம்மிக் குழவியை நட்டிருப்பதாகச் சொன்னார். தலைப்பிள்ளையைப் புதைத்த இடத்துக்குத் தாய் போகக்கூடாது என்று பெரியவர்கள் தடுத்துவிட்டார்கள். போன தை மாதம் கண்ணுசாமியும் போய்விட்டார். இப்போது பங்களாவை மனை போட விற்றுவிட்டார்கள். நாளை ஜேசிபி வருகிறது.

"ஒரு பிடி மண்ணாவது எடுப்போம்னு தோண்டினேன். குழவியும் இல்ல, ஒண்ணும் இல்ல. பொய்யே சொல்லாத மனுசன் இதுல மட்டும் சொல்லியிருக்காரு. புள்ள இல்லாத யாருக்கோ தூக்கிக் குடுத்திருக்காரு." அம்சத்தின் முகம் மலர்ந்திருந்தது. "பகலவன்னு பேரு வச்சிருக்கேன். பதினோரு நாளா."

"ராத்தா, அந்தக் காலத்துல பினாங்குக்காரங்க நெறைய பேரு வந்து போவாங்க. அவங்க யாராச்சும் புள்ளைய வாங்கிட்டுப் போயிருக்கலாம்" என்று ஃபாஜில் போனை எடுத்தான். "பினாங்கு வாட்ஸ்அப் குரூப்புல போட்டுப் பாப்பமா?"

"மொதல்ல எடத்தப் பாப்போம். பினாங்கு எங்கேயும் ஓடிடாது."

ரங்கூனில் அரிசி வியாபாரம் செய்தவர் கட்டிய பங்களா. பிறகு ஆஸ்பத்திரி, அப்புறம் பள்ளிக்கூடம், கடைசியாகக் கல்யாண மஹால். சுண்ணாம்பு உதிர்ந்த இடத்தில் வார்டு எண். அதன்மேல் பாதி அழிந்த கரும்பலகை. அதன்மேல் சீரியல் பல்பு மாட்டிய ஆணிகள். ரோட்டைப் பார்த்த வாசலுக்கு முன்னே, பந்தல்கால் நட்டுப் பிடுங்கியது போல, அம்சம் தோண்டிய பன்னிரண்டு குழிகள்.

"கல்யாணப் பந்தியில பத்து வருசம் இங்க எச்சில் இலை எடுத்தவங்க. இந்த அக்காவுக்குத் தெரியாத எடமா?" என்றார் காவலாளி இராஜாங்கம்.

"வேலைக்கு வரும்போதெல்லாம் இந்த வாசலப் பார்த்து ஒரு கும்பிடு போடுவேன்" என்றார் அம்சம்.

தஹ்மீனா முன்படியின் விளிம்பைத் தடவிப் பார்த்தார். கூர் மழுங்கவில்லை. தனியாகக் கொல்லைப்பக்கம் போனவர் வெகுநேரம் திரும்பவில்லை. ஃபாஜில் தேடிப்போனபோது பின்படியில் உட்கார்ந்திருந்தார்.

"என்ன ராத்தா?"

"சொல்லாமலே இருந்துடலாமான்னு பாத்தேன். எல்லாரையும் கூட்டிட்டு வா."

வந்தார்கள். தஹ்மீனா மெதுவாகப் பேசினார்.

"வண்டி நின்னப்பவும் தண்ணி சத்தம் கேட்டுச்சுன்னீங்க. ஆடி மாசம், வாய்க்கால் நெறைய தண்ணி போவுது. முன்வாசல்ல நின்னேன், கேக்கல. இங்க கேக்குது. இந்தப் படியப் பாருங்க, நடுவுல கிண்ணம் மாதிரி தேஞ்சிருக்கு. அந்தக் கதவு நெலைக்கு மேல வெள்ளையடிச்சு மறைச்சிருக்கற பூவும் வருசமும் தெரியுதா? கொல்லை வாசலுக்கு யாரும் அந்த அலங்காரம் பண்ண மாட்டாங்க. இராஜாங்கம், முன்னால இருக்கற ரோடு எப்ப வந்துச்சு?"

"பள்ளிக்கூடம் நடந்தப்பங்க. அதுக்கு முன்ன அங்க வயலு. வண்டியெல்லாம் வாய்க்கால் கரையிலதான் போவும்."

"அப்ப இதுதான் ஆஸ்பத்திரி வாசல். ரோடு வந்ததும் பங்களா திரும்பி உக்காந்துடுச்சு."

படிக்கு நேர் எதிரே பத்து எட்டில் இலைக்குழி இருந்தது. எத்தனையோ கல்யாணங்களின் எச்சில் இலைகள் மக்கி மேடாகியிருந்தன.

"அக்கா, தோண்டணுமா? வேணாம்னா இப்படியே திரும்பிடலாம்."

அம்சம் அந்த மேட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "தோண்டுங்க. நாளைக்கு ஜேசிபி தோண்டும்ல."

இடுப்பளவு ஆழத்தில் கடப்பாரை கல்லில் மோதியது. இராஜாங்கம் அதை வெளியே எடுத்து வைத்தார். குழவி. ஒரு முனை பெயர்ந்திருந்தது. அம்சத்தின் பெருவிரல் அந்தப் பள்ளத்தில் சரியாகப் போய் உட்கார்ந்தது.

"கல்லுதானே ராத்தா இருக்கு? புள்ள…" என்று ஃபாஜில் இழுத்தான்.

அம்சம்தான் சொன்னார். "குழவி இல்லாம ஆறு மாசம் பக்கத்து வூட்டுலதான் அரைச்சேன். உசுரோட இருக்கற புள்ளைக்கு எந்த அப்பன் கல்லு நடுவான்?"

முந்தானையால் குழவியின் மண்ணைத் துடைத்தார்.

"அங்க கும்புட்டுட்டு, இங்க கொண்டாந்து எச்சில் இலையக் கொட்டியிருக்கேன்."

வாய்க்கால் சத்தம் மட்டும் கேட்டது. ஒரு பிடி மண்ணை முந்தானையில் முடிந்துகொண்டு அம்சம் எழுந்தார்.

"தம்பி, பினாங்குக்கு ஏதும் எழுதிப் போட்டுட்டீங்களா?"

"இன்னும் இல்லக்கா" என்றான் ஃபாஜில். சட்டைப்பையில், குரூப்பில் வந்து விழும் பதில்களுக்குப் போன் அதிர்ந்துகொண்டிருந்தது.

"அப்ப வேணாம், விட்டுடுங்க."