மருந்து யாருக்கு?

உசிலம்பட்டியிலிருந்து முதல் பஸ் பிடித்து வந்த மாயக்காள், வாசலில் செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்துவிட்டாள்.

"சினிமாவுக்குப் போனீகளாமே... சினிமாவுக்கு! அங்க எம் மக வளைகாப்புல அண்ணங்காரன் வரலையேன்னு ஊரே கேக்குது. இங்க மகாராணி ஜோடி போட்டுக்கிட்டு படம் பாத்திருக்கா!"

தோசைக்கல்லில் எண்ணெய் தடவிக்கொண்டிருந்த நாகஜோதி அடுப்பை அணைத்தாள். எதிர்வீட்டுச் சீனியம்மாள் தெருமுனையிலேயே மாமியாரிடம் சொல்லியிருக்க வேண்டும். கணவன் ஜெயபாண்டி வீட்டில் இல்லை. பசுமலைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் பி.டி. வாத்தியார் அவன், ஞாயிற்றுக்கிழமையும் பையன்களுக்குப் பந்து பழக்கப் போய்விடுவான்.

"அத்தே... என்னைய வரவேணாம்னு நீங்கதான சொன்னீக?"

"ஒன்னையத்தான் சொன்னேன்! மாத்திரை திங்கிறவ மாசமா இருக்கிறவளுக்கு வளையல் போடக்கூடாதுன்னு சம்பந்தி வீட்ல சொன்னாக, சொன்னேன். அதுக்காக எம் மகனையும் முந்தானையில முடிஞ்சு வச்சுக்கிருவியா?"

நாகஜோதி தோசைமாவை மூடி வைத்தாள். வாயைத் திறந்தால் எல்லாம் கொட்டிவிடும்.

மாத்திரை சாப்பிடுவது அவள் இல்லை. ஜெயபாண்டி.

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு மாசி மாதம், காரணமே இல்லாமல் அவனுக்குள் ஏதோ அணைந்துபோனது. சோறு இறங்கவில்லை. விசிலை வாயில் வைத்தபடி ஊத மறந்து மைதானத்தில் நிற்பான். சிம்மக்கல்லில் ஒரு டாக்டர்தான், "இது மனச்சோர்வு, மருந்துல சரியாகும்" என்றார். அந்த மாத்திரை அட்டை மாயக்காள் கையில் சிக்கியது, நாத்தனார் சோலையம்மாளைப் பெண் பார்க்க வந்தவர்கள் கூடத்தில் உட்கார்ந்திருந்த நாளில்.

"யாருக்குடி இது? பைத்தியத்துக்குக் குடுக்கிற மருந்துன்னு மெடிக்கல்ல சொல்றாக..."

ஜெயபாண்டி தரையைப் பார்த்தபடி நின்றான். பெண்ணின் அண்ணனுக்கு மனசு சரியில்லை என்று தெரிந்தால் சம்பந்தம் அத்தோடு முறிந்துவிடும்.

"எனக்குத்தான் அத்தே," என்றாள் நாகஜோதி.

"கல்யாணம் முடிஞ்சதும் ஆத்தாகிட்ட சொல்லிர்றேன் ஜோதி..." என்று அன்று அவன் அவள் கையைப் பிடித்துக்கொண்டான். கல்யாணம் முடிந்தது. அவன் சொல்லவில்லை. ஆறு வயசு மீனா இப்போது மாமியாரோடுதான் படுக்கிறாள். பெற்ற பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போகக்கூட நாகஜோதிக்கு அனுமதி இல்லை.

போன வருஷம், "நல்லாயிட்டேன்" என்று அவனாகவே மருந்தை ஒரேயடியாக நிறுத்திவிட்டான். பத்தாம் நாள், ஊர்த் தோட்டத்துக் கிணற்று விளிம்பில் நின்றவனைச் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தவள் அவள்தான். அதன் பிறகு, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்க வேண்டும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். முழு மாத்திரை முக்காலாகி, முக்கால் அரையாகி, இப்போது ஒருநாள் விட்டு ஒருநாள் கால் மாத்திரை. அவள்தான் பிளேடால் நறுக்கி, காகிதத்தில் மடித்து, ஒரு டப்பாவில் வைப்பாள்.

நேற்று மதியக் காட்சிக்குப் போனதுகூட அவனுக்காகத்தான். தமிழில் பேசும் இங்கிலீஷ் படம். ஆளுக்கொரு சக்தி உள்ள ஐந்து பேர் ஒன்றாகச் சேர்ந்து ஒரு நகரத்தைக் காப்பாற்றுகிறார்கள். சேருவதற்கு முன்னால், வண்டியில் முன்சீட் யாருக்கு என்று அடித்துக்கொள்கிறார்கள். பாலத்தையே தோளில் தாங்குகிற பலசாலி ஒருத்தன், பூனையைக் கண்டதும் "யாத்தே!" என்று மேஜை மேல் ஏறினான். அப்பனோடு வளைகாப்புக்கு வரட்டும் என்று மாயக்காள் விட்டுப்போயிருந்த மீனா, மடியில் இருந்தபடி கைதட்டினாள். ஜெயபாண்டி சிரித்தான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வர, முன்வரிசைக்காரர் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சிரித்தான். அதற்குப் பிறகு நாகஜோதி திரையைப் பார்க்கவில்லை. அவன் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னடி, கல்லு மாதிரி நிக்கிற?" மாயக்காள் அடுப்படிக்குள்ளேயே வந்துவிட்டாள். "நான் முடிவு பண்ணிட்டேன். வர்ற ஜூன்ல மீனாவ உசிலம்பட்டியில சோலை வீட்ல சேத்து, அங்கயே படிக்க வைக்கப் போறேன். நீ ஒங்க ஆத்தா வீட்டுக்குப் போ. எம்புட்டு நாளைக்கு எம் மகன் ஒன்னையக் கட்டிக்கிட்டுச் சாவான்? அவன் மொகத்துல சிரிப்பைப் பாத்து வருசக்கணக்காச்சு... எல்லாம் ஒன்னாலதான்!"

"அத்தே, புள்ளைய மட்டும் பிரிக்காதீக... ஒங்க கால்ல விழுகுறேன்!"

"இந்தக் கருமம் வீட்ல இருக்கிற வரைக்கும் வெளங்காது!"

அலமாரியிலிருந்த டப்பா மாயக்காள் கைக்கு வந்தது. அதோடு இருந்த டாக்டர் சீட்டை, யார் பேர் என்றுகூடப் பார்க்காமல், சுக்குநூறாகக் கிழித்தாள். நாகஜோதி ஓடிவருவதற்குள் வாசலில் நின்று, டப்பாவைத் திறந்து அப்படியே சாக்கடையில் கவிழ்த்தாள்.

"ஐயோ அத்தே! என்ன பண்ணிட்டீக!"

இன்றைக்கு மருந்து போட வேண்டிய நாள். ஞாயிற்றுக்கிழமை, டாக்டர் இருக்க மாட்டார். சீட்டில்லாமல் எந்தக் கடையிலும் தர மாட்டார்கள். அவளுக்குக் கண்முன்னால் அந்தக் கிணறுதான் தெரிந்தது. சேலையைச் சேர்த்துப் பிடித்தபடி சாக்கடை ஓரம் மண்டியிட்டு, கறுத்த சேற்றுக்குள் முழங்கை வரை கையை விட்டாள். ஒரு மடிப்பு கிடைத்தது. பிரித்தால் வெறும் வெள்ளைக் கரைசல். இன்னொன்று. அதுவும் அப்படியே.

தெரு கூடிவிட்டது.

"பாத்தீகளா... பாத்தீகளா எல்லாரும்!" மாயக்காள், சத்தம் கேட்டு உள்ளேயிருந்து ஓடிவந்த மீனாவை இடுப்போடு இறுக்கிக்கொண்டு கத்தினாள். "மாத்திரைக்காகச் சாக்கடைய அள்றா! இவள வச்சுக்கிட்டு எப்படிக் குடும்பம் நடத்துறது?"

"முத்திப்போச்சு போல அக்கா," என்றாள் சீனியம்மாள் மெதுவாக.

அப்போதுதான் ஜெயபாண்டி சைக்கிளில் வந்து இறங்கினான். கூட்டத்தை விலக்கிப் பார்த்தவன், சைக்கிளை ஸ்டாண்டு போடாமல் அப்படியே விட்டான். அது சாய்ந்து விழுந்தது.

"ஜோதி! என்ன பண்ற நீ?"

"ஒண்ணுகூட தேறலைங்க... ஒண்ணுகூட தேறல... இன்னைக்கு நீங்க..." சட்டென்று வாயை மூடிக்கொண்டாள். அப்போதும் அவனைக் காட்டிக்கொடுக்க அவளுக்கு மனசு வரவில்லை.

ஜெயபாண்டி தாயைப் பார்த்தான். தெருவைப் பார்த்தான். மூன்று வருஷமாகத் தொண்டையில் நின்ற வார்த்தை அது.

"அவளுக்கு ஒண்ணும் இல்ல ஆத்தா. அந்த மாத்திரை எனக்கு."

"என்னடா ஒளர்ற?"

"எனக்குத்தான்! சோலைக்குச் சம்பந்தம் பேச வந்தன்னிக்கு, எங்க தட்டிப்போயிருமோன்னு அவ மேல போட்டுக்கிட்டா. நான் பயந்தாங்கொள்ளி, பேசாம நின்னேன். நேத்தும் அவ ஒண்ணும் என்னையப் புடிச்சு வைக்கல. அம்புட்டுச் சொந்தக்காரக மத்தியில வந்து நிக்க எனக்குத்தான் பயம். போன வருசம் நம்ம கெணத்துல விழப்போனேன் ஆத்தா... இவதான் இழுத்துக்கிட்டு வந்தா. இல்லேன்னா ஒனக்கு மகனே இல்ல!"

மாயக்காளின் பிடி தளர்ந்தது. மீனா நழுவி ஓடி, தாயின் முதுகைக் கட்டிக்கொண்டாள்.

ஜெயபாண்டி சேற்றிலேயே உட்கார்ந்து மனைவியின் தோளைத் தொட்டான். "விடு ஜோதி, எந்திரி. ஒரு நாள் இல்லாட்டி ஒண்ணும் ஆகாது. நாளைக்கு டாக்டரப் பாப்போம். போன வருசத்து ஆளு இல்ல நான்... நேத்து சிரிச்சேன்ல? நீ பாத்தேல்ல?"

"பாத்தேன்," என்றாள்.

மாயக்காள் நின்ற இடத்தைவிட்டு அசையவில்லை. பிறகு, எதிர்வீட்டுக்காரியைப் பார்த்து, தெரு முழுக்கக் கேட்கிற குரலில் சொன்னாள்:

"ஏ சீனியம்மா! கேட்டுக்க. மருந்து எம் மகனுக்கு. எம் மருமகளுக்கு இல்ல. இனி எவளாவது அவளப் பைத்தியம்னு சொன்னா நான் மனுசியா இருக்க மாட்டேன்... மொதல்ல சொன்ன இந்த வாயில நானே சூடு வச்சுக்கிறேன்!"

உள்ளே போய் ஒரு குடம் தண்ணீரும் சோப்புமாக வந்தாள். நாகஜோதி கைகளை இழுத்துக்கொண்டாள்.

"வேணாம் அத்தே... நாறுது."

"குடு தாயி."

நாகஜோதி கொடுத்தாள். முழங்கையிலிருந்து விரல்நுனி வரை, நகக்கண்ணில் இருந்த கறுப்பு போகிறவரை, மாயக்காள் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். அவள் கண்ணீரும் அந்தக் கைகள் மேல்தான் விழுந்தது.

மருந்து முழுவதுமாக நிற்க அதற்கப்புறம் மூன்று மாதம் ஆயிற்று. ஒவ்வொரு தடவையும் மாயக்காள்தான் மகனோடு சிம்மக்கல்லுக்கு டவுன் பஸ் ஏறினாள்.

ஆனால் அன்று காலை, கை கழுவி முடிந்ததும், அதுவரை விறைத்து நின்ற நாகஜோதி மாமியாரின் தோளில் முகத்தைப் புதைத்து, தெருவே கேட்க ஓவென்று அழுதாள். மூன்று வருஷமாக அந்த வீட்டில் அவள் அழுததே இல்லை. அழுதால் நோய் முற்றிவிட்டது என்பார்கள் என்று பயந்து, கண்ணைத் துடைத்துத் துடைத்து வாழ்ந்தவள்.

"அழுகுடி ஆத்தா..." என்றாள் மாயக்காள், அவள் முதுகைத் தடவியபடி. "அம்புட்டையும் அழுது தீத்துரு."